மல்லாட்டை எண்ணெயில் பாமாயில்: ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விருத்தாசலம், பண்ருட்டி பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனதும் இந்தக் கடலைதான். இன்றும் கடலூரிலும் புதுச்சேரியிலும் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்குத் தனி மதிப்பு உண்டு. விலையும் அப்படித்தான். பாமாயிலுக்கும் அதற்கும் இடையே உள்ள விலை வித்தியாசமே கலப்படத்துக்குக் கூலி. கலந்ததைக் கண்ணாலோ மூக்காலோ பிடிப்பது கடினம். பாமாயிலுக்கு மணமே கிடையாது, கடலை எண்ணெய்க்கோ மணம் தூக்கல். பாதிக்குப் பாதி கலந்தாலும் கடலை மணம்தான் முன்னால் வரும்.

ஆய்வகத்துக்கு ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் ‘இது சுத்தமா?’ என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சோதனை உலகத்தில் எதுவும் இல்லை. ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு சின்னக் கேள்வியைத்தான் கேட்கும். இரட்டைப் பிணைப்பு எத்தனை? எந்த வெப்பநிலையில் கலங்குகிறது? இதில் எள் உண்டா? கலப்படக்காரர் எந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் விடை தயாரித்து வைப்பார். ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று கேள்விகளைக் கேட்பதுதான் கலப்படப் பரிசோதனையின் சூட்சுமம். எண்ணெயையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அயோடின் எண்

எண்ணெய் என்பது கொழுப்பமிலச் சங்கிலிகளால் ஆனது. சில சங்கிலிகளில் கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கும். அயோடினைக் கொடுத்தால் அது அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் அயோடின் எண். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு, அதனால் 10-ஐத் தாண்டாது. சூரியகாந்தியில் நிறைய, 100-க்கு மேல் போகும். கடலை எண்ணெய்க்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் எல்லை 85 முதல் 99 வரை.

செய்முறை வைஸ் முறை எனப்படும். கால் கிராம் அளவு எண்ணெயைக் கண்ணாடி மூடியுள்ள குடுவையில் துல்லியமாக எடைபோட்டு, கரைப்பானில் கரைத்து, 25 மில்லி வைஸ் கரைசல் (அசெட்டிக் அமிலத்தில் அயோடின் மோனோகுளோரைடு) சேர்க்க வேண்டும். மூடி, இருட்டில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். பிறகு பொட்டாசியம் அயோடைடும் தண்ணீரும் சேர்த்து, மிச்சமான அயோடினை 0.1 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட்டால் டைட்ரேஷன் செய்ய வேண்டும், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவாகிறது என்று அளக்க வேண்டும். கடைசியில் ஸ்டார்ச் சில சொட்டு விட்டால் நீலமாகும், அந்த நீலம் மறையும் புள்ளியே முடிவு. எண்ணெயே இல்லாத இன்னொரு குடுவையையும் இதேபோல் கூடவே செய்ய வேண்டும். வெறும் குடுவைக்கு 48.0 மில்லியும் எண்ணெய்க் குடுவைக்கு 30.0 மில்லியும் செலவானால், வித்தியாசம் 18. அதை அயோடினுக்கான மாறிலியான 12.69-ஆலும் தயோசல்பேட்டின் செறிவான 0.1-ஆலும் பெருக்கி, எடையான 0.25-ஆல் வகுத்தால் 91.4. எல்லைக்குள் இருக்கிறது.

தவறு வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். எண்ணெயை அதிகம் எடுத்தால் அயோடின் போதாமல் போய் எண் குறைந்து காட்டும். வெறும் குடுவையில் செலவானதில் பாதிக்கு மேல் எண்ணெய்க் குடுவையிலும் செலவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்த எடையில் திரும்பச் செய்ய வேண்டும். வெளிச்சம் பட்டால் அயோடின் வேறு இடங்களிலும் வினைபுரியும். குடுவையில் ஈரம் இருந்தால் வைஸ் கரைசலே கெட்டுவிடும். நம் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் இந்த மூன்றாவதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

இப்போது கலப்படக்காரரின் கணக்கைப் பாருங்கள். பாமாயிலை மட்டும் கலந்தால் எண் இறங்கிவிடும், ஏனென்றால் பாமோலினின் (பாமாயிலின் கெட்டிப் பகுதியை நீக்கிய திரவப் பகுதி) அயோடின் எண் 58 அளவில்தான். ஆனால் 125 அளவுள்ள சூரியகாந்தி எண்ணெயையும் பாமோலினையும் பாதிக்குப் பாதி கலந்தால்? 91.5 வரும். ஒரு மல்லாட்டைகூட இல்லாத எண்ணெய், மல்லாட்டை எண்ணெயின் அயோடின் எண்ணோடு ஜம்மென்று உட்கார்ந்துவிடும்.

சரி, இன்னொரு சோதனை செய்வோம் என்று ஒளிமுறிவுமானியை எடுக்கிறோம். இரண்டு சொட்டு எண்ணெய், 40 டிகிரி வெப்பம், ஒரு நிமிட வேலை. கடலை எண்ணெய்க்கு அதில் 54.0 முதல் 57.1 வரை வர வேண்டும். விரைவான நல்ல சோதனைதான். ஆனால் மேலே சொன்ன கலவை இதிலும் தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதும் பெருமளவு அதே இரட்டைப் பிணைப்புகளைப் பொறுத்ததுதான். இரண்டு கருவி, ஆனால் கேட்பது ஒரே கேள்வி. ஆய்வறிக்கையில் ஆறு எண்கள் இருக்கின்றன என்று மலைத்துவிடக் கூடாது. அந்த ஆறில் எத்தனை தனித்தனிக் கேள்விகள் என்று பார்க்க வேண்டும்.

மல்லாட்டைக்கு மட்டும் உள்ள அடையாளம்

வேர்க்கடலைக்கு அறிவியல் பெயர் அராகிஸ் ஹைபோஜியா. அராகிடிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்துக்குப் பெயர் வந்ததே இதிலிருந்துதான். அராகிடிக், பெஹெனிக், லிக்னோசெரிக் என்ற 20, 22, 24 கார்பன் நீளமுள்ள நீண்ட சங்கிலிகள் கடலை எண்ணெயில் சில சதவீதம் உண்டு. பாமோலினில் இவை ஏறக்குறைய இல்லை, சூரியகாந்தியில் சொற்பம். இந்த நீண்ட சங்கிலிகள் ஆல்கஹாலில் எளிதில் கரையாது. பெல்லியர் சோதனை இதைத்தான் பயன்படுத்துகிறது.

1 மில்லி எண்ணெயை 5 மில்லி ஆல்கஹால் கலந்த பொட்டாஷ் கரைசலோடு சில நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்துச் சோப்பாக்க வேண்டும். ஆறவிட்டு, அசெட்டிக் அமிலத்தால் காரத்தை முறித்து, 70 சதவீத ஆல்கஹால் 50 மில்லி ஊற்றித் தெளியும்வரை சூடாக்க வேண்டும். பிறகு வெப்பமானியால் கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற வேகத்தில் ஆறவிட வேண்டும். சுத்தமான கடலை எண்ணெய் 39 முதல் 41 டிகிரிக்குள் கலங்கும். மேலே சொன்ன போலிக் கலவையோ அந்த இடத்தைத் தெளிவாகக் கடந்துபோய், இன்னும் வெகுவாக ஆறிய பிறகுதான் கலங்கும். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றினால் வெப்பமானி பின்தங்கி, எண் தவறாக வரும். ஆல்கஹால் 70-க்குப் பதில் 75 ஆகிவிட்டாலும் கலங்கும் புள்ளி இறங்கிவிடும். மலிவான சோதனை, ஆனால் பொறுமையும் கைப்பக்குவமும் வேண்டும்.

வசதியுள்ள ஆய்வகங்கள் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் எல்லாக் கொழுப்பமிலங்களையும் தனித்தனியாகப் பிரித்து அளந்துவிடும். கடலை எண்ணெயில் பால்மிடிக் அமிலம் 8 முதல் 14 சதவீதம் இருக்க வேண்டும், பாமோலினில் அது 40 அளவு. பாதிக்குப் பாதி போலிக் கலவையில் 23 வந்து நிற்கும். பெஹெனிக் 1.5 முதல் 4.5 வரை இருக்க வேண்டிய இடத்தில் அரை சதவீதத்தைத் தொடாது. கதை முடிந்தது.

ஆனால் பேராசை இல்லாத கலப்படக்காரர் ஒருவர் இருக்கிறார். உண்மையான கடலை எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பாமோலின் சேர்ப்பவர். கணக்குப் போடுங்கள்: அயோடின் எண் 92-லிருந்து 88.6 ஆகும், எல்லைக்குள். பால்மிடிக் 11-லிருந்து 13.9 ஆகும், அதுவும் எல்லைக்குள். ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் எண்ணெய் கொஞ்சம் மாறும் என்பதால்தான் விதிகளில் ஒற்றை எண் வைக்காமல் எல்லை வைத்திருக்கிறார்கள். அது விவசாயிக்கும் செக்குக்காரருக்கும் நியாயம். ஆனால் அந்த நியாயமான இடைவெளியில்தான் சிறு கலப்படம் ஒளிந்துகொள்கிறது.

அதைப் பிடிக்கத் திசையையே மாற்றிய ஒரு கேள்வி உண்டு: இந்த எண்ணெய் சூடு கண்டிருக்கிறதா? கடையில் வரும் பாமோலின் ரிஃபைண்டு எண்ணெய். அதை வெளுக்கவைத்து, 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி மணம் நீக்கியிருப்பார்கள். அந்தச் சூட்டில் எண்ணெயில் உள்ள ஸ்டெரால்கள் நீர் இழந்து ஸ்டிக்மாஸ்டாடையீன் என்ற பொருளாக மாறும். மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் இது இருக்கக் காரணமே இல்லை. ஆகவே எந்த விதையிலிருந்து வந்தது என்று கேட்காமலேயே, ‘செக்கு’ என்று விற்றதில் ரிஃபைண்டு எண்ணெய் கலந்திருப்பதைச் சிறு அளவிலும் பிடிக்கலாம். ஆலிவ் எண்ணெய் வியாபாரத்தில் இந்தச் சோதனையை நெடுநாளாகச் செய்கிறார்கள். நம் செக்கு எண்ணெய்களுக்கும் இது வழக்கமானால், நேர்மையாக ஆட்டி விற்கும் செக்குக்காரருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

எள்ளின் சிவப்பு

நல்லெண்ணெய்க்கு இயற்கையே ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. 5 மில்லி எண்ணெய், 5 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.4 மில்லி ஃபர்ஃபுரால் கரைசல் சேர்த்து இரண்டு நிமிடம் குலுக்கினால், எள் இருந்தால் அடியில் நிற்கும் அமிலம் சிவக்கும். இது பாதுவான் சோதனை. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் பல பத்தாண்டுகள் சட்டம் இருந்ததும் இதனால்தான். நெய்யில் யாராவது வனஸ்பதி கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இந்தச் சோதனை மிகவும் கூர்மையானது, அதில் ஒரு ஆபத்து உண்டு. காலையில் எள் ஆட்டிய செக்கில், நன்றாகத் துடைக்காமல் மதியம் மல்லாட்டை ஆட்டினால் அந்த எண்ணெயும் இலேசாகச் சிவக்கும். அது மோசடி ஆகாது. செக்கில் ஒட்டியிருந்த மிச்சம். சிவப்பு இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், எவ்வளவு என்று அளந்த பிறகே குற்றம் சொல்ல வேண்டும். சிவப்பு வந்ததால் நல்லெண்ணெய் சுத்தம் என்றும் ஆகாது. எள் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

ஃபிரிட்ஜில் வைத்துப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெயை ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் உறைந்தது பாமாயில், உறையாதது கடலை எண்ணெய் என்று பலரும் நம்புகிறார்கள். சுத்தமான கடலை எண்ணெயும் ஃபிரிட்ஜில் கலங்கும், கெட்டிப்படும். மேலே பார்த்த நீண்ட சங்கிலிகள் செய்யும் வேலை அது. இதை வைத்துச் செக்குக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

பாலிலும் அதே விளையாட்டு

லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை அளக்கிறது. நல்ல பாலில் 28 முதல் 32 வரை காட்டும். தண்ணீர் சேர்த்தால் இறங்கும்: 30 காட்டும் பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஆனால் 27. ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. அதை முழுதாக எடுத்துவிட்டால் அளவு 36 வரை ஏறும். அந்தக் கொழுப்பெடுத்த பாலில் ஐந்து லிட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மறுபடி 30-க்கு வந்துவிடும். கொழுப்பையும் எடுத்து, தண்ணீரையும் ஊற்றி, லாக்டோமீட்டரையும் திருப்திப்படுத்தியாயிற்று. பால் சங்கங்களில் லாக்டோமீட்டரோடு நிற்காமல் ஃபேட்டும் பார்த்து, இரண்டிலிருந்தும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) கணக்கிடுவது இதனால்தான். ஃபேட் பார்க்கும் கெர்பர் முறையில் 10 மில்லி கந்தக அமிலம் முதலில், அதன்மேல் மெதுவாக 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். வரிசை மாறினாலோ வேகமாக ஊற்றினாலோ பால் கருகி, கொழுப்புக் கோடு தெரியாது.

லாக்டோமீட்டரை எந்த வெப்பநிலைக்கு அளவு குறித்திருக்கிறார்கள் என்று அதன் தண்டிலேயே பார்க்கலாம். 27 டிகிரிக்குக் குறித்ததை 35 டிகிரி மதிய வெயிலில் போட்டால், டிகிரிக்கு 0.2 வீதம் 1.6 குறைவாகக் காட்டும். பால்காரர் தண்ணீரே ஊற்றாதபோதும் ஊற்றியதாகத் தோன்றும். கறந்த சூட்டோடும் அளக்கக் கூடாது.

தொடர்பில்லாத கேள்வி என்று பார்த்தால், பாலுக்கு உறைநிலையைச் சொல்லலாம். மடியில் சுரக்கும்போது பால், மாட்டின் இரத்தத்தோடு ஒரே சவ்வூடு அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். அதனால் தீவனம் மாறினாலும் மாடு மாறினாலும் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே 0.54 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேலே சொன்ன ஏமாற்றுப் பால் 0.45-லேயே உறைந்துவிடும். இதையும் உப்போ சர்க்கரையோ யூரியாவோ போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். அப்போது அவற்றுக்கென்று தனிச் சோதனை வேண்டும்.

ஒற்றைக் கேள்வியை நம்பியதற்கு உலகம் கொடுத்த விலை 2008-இல் சீனாவில் தெரிந்தது. புரதத்தை நேராக அளக்காமல், பாலில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.38-ஆல் பெருக்குவது வழக்கம். மெலமின் என்ற வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பாலில் அதைப் போட்டால் புரதம் நிறைய இருப்பதுபோலக் காட்டும். சோதனை பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. மூன்று லட்சம் அளவு குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன.

வீட்டில் செய்யத் தக்கவை

ஸ்டார்ச்சுக்கு அயோடின் சோதனை நம்பகமானது. 3 மில்லி பாலும் 5 மில்லி தண்ணீரும் கொதிக்கவைத்து, முழுதாக ஆறவிட்டு, டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு. நீலம் வந்தால் மாவு. சூடாக இருக்கும்போதே விட்டால் நீலம் தோன்றாது, அதனால் ஆறவிடுவதைத் தவிர்க்கக் கூடாது.

யூரியாவுக்கு 5 மில்லி பாலில் அரை ஸ்பூன் சோயா மாவு கலந்து ஐந்து நிமிடம் வைத்து, சிவப்பு லிட்மஸ் தாளை நனைக்க வேண்டும். சோயாவில் உள்ள யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக்கும், தாள் நீலமாகும். சோயா பச்சையாக இருக்க வேண்டும். வறுத்தால் நொதி செத்துவிடும். மாவு சேர்க்காத பாலிலும் ஒரு தாளை நனைத்துப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் புளிப்பை மறைக்கச் சோடா போட்ட பாலில் தாள் தானாகவே நீலமாகும். அதுவும் கலப்படம்தான், ஆனால் வேறு கலப்படம். இன்னொன்று: நல்ல பாலிலும் இயற்கையாக யூரியா உண்டு. சட்டம் கிலோவுக்கு 700 மில்லிகிராம் வரை ஒப்புக்கொள்கிறது. இலேசான நீலத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

மஞ்சள் தூளில் மெட்டானில் மஞ்சள் சாயம் இருக்கிறதா என்று பார்க்க அமிலம் வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிடை வைத்து வீட்டில் செய்யாதீர்கள். அந்தச் சோதனையில் மஞ்சளே கொஞ்சம் சிவக்கும், தண்ணீர் சேர்த்தால் அந்தச் சிவப்பு மறையும், சாயத்தின் சிவப்பு மறையாது. சுண்ணாம்பு சேர்த்து மஞ்சள் சிவந்தால் அது ஆரத்தித் தண்ணீர், கலப்படம் அல்ல. மஞ்சளில் ஈயம் இருக்கிறதா என்பதற்கு வீட்டில் வழியே இல்லை, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

பரிசோதனைக்குக் கொடுப்பது

எண்ணெய் மாதிரி எடுக்கும்போது டின்னை நன்றாகக் குலுக்கிக் கலக்க வேண்டும். மார்கழிக் குளிரில் பாமாயிலின் கெட்டிப் பகுதி அடியில் தங்கிவிடும். மேலாக எடுத்தால் கலப்படம் குறைவாகத் தெரியும், அடியில் எடுத்தால் அதிகமாகத் தெரியும். உலர்ந்த சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில், கழுத்துவரை நிரப்பி, வெயில் படாமல் வைக்க வேண்டும். முன்பு வேறு எண்ணெய் வைத்திருந்த பாட்டில் கூடவே கூடாது.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்குகிற எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம் என்கிறது. குறை நிரூபணமானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறோம் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்தால் அவரே மாதிரி எடுப்பார். அதை நான்கு பங்காக்கி முத்திரையிட்டு, ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். கடைக்காரருக்கும் அந்த அறிக்கையை எதிர்த்து முறையிட 30 நாள் உண்டு.

புதுச்சேரி–கடலூர் சாலையில் கன்னியக்கோயில் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. சட்டம் ஒன்றுதான், அதிகாரி வேறு. புதுச்சேரிக் கடையில் வாங்கியதற்குப் புதுச்சேரி அரசின் உணவுப் பாதுகாப்பு அதிகாரி, கடலூர்க் கடையில் வாங்கியதற்குக் கடலூர் மாவட்டத்தின் நியமன அலுவலர். வீடு எங்கே என்பது கணக்கில்லை, பில்லில் உள்ள கடை முகவரிதான் கணக்கு. அதனால் பில்லை வாங்கி வையுங்கள்.

அறிக்கையில் ‘தரக்குறைவு’ என்று வந்தால் விதித்த அளவுகளோடு பொருந்தவில்லை என்று பொருள். கடலை எண்ணெயில் பாமோலின் கலந்தது பெரும்பாலும் இதில்தான் வரும், அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. ‘பாதுகாப்பற்றது’ என்றால் உடலுக்குக் கேடு, சிறைத் தண்டனை வரை போகும். இரண்டு எண்ணெய்களைக் கலப்பதே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, எது எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்றால் அது சட்டப்படியான கலப்பு எண்ணெய். பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தச் சதவீதம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் பெரிதாகக் கடலைப் படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது என்ன என்று அந்த வரிதான் சொல்லும்.